வால் ஒட்டின பறவை

கையை எடுடா, கையை எடு. துடைக்காத. வந்ததும் வராததுமா கைக்குட்டையை எடுத்துக்கிட்டு பளபளன்னு ஆக்கப் பாக்குற. தூசி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், இந்தத் தொழில்ல தூசிக்கும் விலை உண்டு. அந்த ஸ்டூல்ல உட்காராத, ஒரு கால் ஆடும். இப்படி நாற்காலியில உட்காரு. டீ சொல்லட்டுமா? வேணாமா? சரி, எனக்கு வேணும். குடிச்சிக்கிட்டே பேசுறேன்.

ஆமா, தெரியும், வாங்குற ஆளு நாலு மணிக்கு வர்றாரு. போன்லயே திரும்பத் திரும்பச் சொல்லிட்ட. பழசுதான், போலி இல்லன்னு என் கையெழுத்து இல்லாம எடுத்துக்க மாட்டேன்னு கறாரா சொல்லிட்டாராமே. கூத்தைப் பாத்தியா. நான் எனக்குப் புடிச்சவரைக் கட்டிக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்பின அன்னைக்கு, இனிமே இவ பேரை இங்க யாரும் எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு. கூடப் பொறந்த நீயும் ரொம்பச் சமத்தா எடுக்காமத்தான் இருந்த. இப்ப அதே பேரைப் பேப்பர்ல எழுதி வாங்கிட்டுப் போக என் கடை வாசப்படி ஏறி வந்திருக்க. அப்பா இருந்திருந்தா எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாரோ.

சரி விடு. விஷயத்துக்கு வரேன்.

போன வாரம் நீ இந்தப் பெட்டியை வச்சிட்டுப் போனதுலேருந்து இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். வேற வேலை ஓடல. பண்டிகைக்குக் கட்டித் தொங்கவிடுற கண்ணாடிப் பொம்மை, பன்னெண்டு குழி, பன்னெண்டும் நெறைஞ்சிருக்கு. எங்க கிடைச்சதுன்னு சொன்ன? ஞாயித்துக்கிழமைச் சந்தையில, யாரோ ஒரு கெழவன்கிட்ட. பேரு தெரியாது. ஊரும் தெரியாது. ம். எல்லாருக்கும் அந்தக் கெழவன்கிட்டதான்டா கிடைக்குது. இங்க பெட்டியத் தூக்கிட்டு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அவன்கிட்டதான் வாங்கியிருக்காங்க. ஒரு நாள் அவன் மட்டும் என் கண்ணுல பட்டான்னா கடையை அவன் பேருல எழுதி வச்சிருவேன்.

அவசரப்படாத. எப்படிப் பாக்குறேன்னு நீயும் தெரிஞ்சுக்க வேண்டாமா? அப்புறம் அவரு கேள்வி கேட்டா நீ பதில் சொல்லணுமில்ல. நானே காட்டுறேன். இரு, ஒத்துப் பாக்க என்கிட்ட ஒரு செட்டு இருக்கு, மேஜைக்கு அடியில.

இந்தா, இது உன் பெட்டியில இருந்த உருண்டை. இது என்னோடது. ரெண்டும் ஒரே செவப்பு, ரெண்டுலயும் அதே வெள்ளிக்கோடு. அச்சு அசல் இல்ல? ஏன்டா முழிக்கிற? இந்த மாடல்ல எவ்வளவோ வந்திருக்கு, ஒரே மாதிரி இருக்கிறதுல என்ன ஆச்சரியம். எங்க கிடைச்சதுன்னு அப்புறம் சொல்றேன். நம்ம கெழவன் இல்ல.

கையில வாங்கு. முதல்ல உன்னோடது. கனமே தெரியல பாரு. ஊதினா பறந்துரும் போல இருக்கும். அந்தக் காலத்துல வாயால ஊதி ஊதிப் பண்ணது, கண்ணாடி அவ்வளவு மெல்லிசு. இப்ப இதை வாங்கு. கனக்குதா? இது மிஷின்ல போனது. அனுப்புற வழியில ஒடையக் கூடாதுல்ல, அதனால தடியாப் போட்டுடுவான். ஒடையவே கூடாதுன்னு பண்ணும்போதே அது பொய்யாயிடுது.

அடுத்தது மூடி. இந்தத் தகரத் தொப்பியை லேசாக் கழட்டி உள்ள கழுத்தைப் பாக்கணும். நீ கழட்டாத, நான் காட்டுறேன். உன்னோடதுல விளிம்பு கன்னாபின்னான்னு இருக்கு பாரு, விரலை வச்சா வெட்டிரும். ஊதி முடிச்சதும் பட்டுன்னு ஒடைச்சு எடுத்தது. மூடி போட்டு மறைக்கிற எடம்தானே, யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டான். இதுல பாரு, வழவழன்னு தேச்சு வச்சிருக்கான். மறைவான எடத்தை இவ்வளவு அழகா வச்சிருக்கிறவனைக் கண்டா எனக்கு உடனே சந்தேகம் வந்துரும். மனுஷங்ககிட்டயும் அப்படித்தான்.

மோந்து பாரு என் பெட்டியை. வெளையாட்டு இல்லடா, மோந்து பாரு. டீ வாசனை வருதா? என் டம்ளர்ல இருந்து இல்ல, அட்டையில இருந்து. புது அட்டையை டீத்தண்ணியில முக்கிக் காய வச்சா பழசு மாதிரி பழுப்பேறிடும். லைட்டை அணைக்கிறேன் ஒரு நிமிஷம், இந்த நீல லைட்டைப் போட்டுக் காட்டுறேன். பாத்தியா, என் பெட்டியோட தடுப்பு அட்டையெல்லாம் சலவைச் சட்டை மாதிரி வெள்ளையா ஒளி விடுது. புதுக் காகிதம், மருந்து போட்டு வெளுத்தது. உன்னோடது சும்மா மங்கலாக் கெடக்கு. பழைய அட்டைக்கு அப்படி மினுக்கத் தெரியாது.

சாயம் இன்னொண்ணு. அந்தக் காலத்துச் சாயம் தண்ணி பட்டாப் போச்சு, அப்படியே கையோட வந்துரும். அதான் துடைக்காதன்னு கத்தினேன். இந்தப் போலியை நீ தொட்டியில ஊறப்போடு, ஒண்ணும் ஆகாது. போலிக்குத்தான்டா ஆயுசு கெட்டி.

என்ன, மணி பாக்குற? நாலு அடிக்க நேரம் இருக்கு. இரு.

தேஞ்சிருக்கிற எடத்தைப் பாரு. இந்த வேலை பண்றவன் உப்புக்காகிதத்தை வச்சு சுத்திச் சுத்தித் தேச்சு விடுவான், எல்லாப் பக்கமும் ஒரே சீரா. நெசமா பழகின சாமான் அப்படித் தேயாது. வருஷா வருஷம் ஒரே கை அதை எடுத்து மாட்டியிருக்கும். அந்தக் கை எங்க புடிச்சிருக்குமோ அங்க மட்டும் சாயம் போயிருக்கும். உன்னோடதுல பாரு, கழுத்துக்குக் கீழ ஒரு விரல் அளவு. எதிர்ப்பக்கம் இன்னொண்ணு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். சின்னக் கை, பொம்பளைக் கை. என் விரல் அதுல அப்படியே பொருந்துது.

ஆக, உன் பெட்டி ஒரிஜினல். சந்தோஷமா? இதைக் கேக்கத்தானே வந்த. பேப்பரும் எழுதி முடிச்சிட்டேன், அதோ அந்தக் கவர்ல இருக்கு. எடுக்காத. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அதைக் காட்டாம விட்டா நான் தொழில் பண்றவளே இல்ல.

ஒரு குடும்பத்துல இருந்த பெட்டியில எல்லாமே சரியா இருக்கவே இருக்காதுடா. ஏதாவது ஒண்ணு ஒடைஞ்சிருக்கும், ஒண்ணைத் தொலைச்சிருப்பாங்க, அந்தக் குழியில சம்பந்தமில்லாம வேற ஏதோ உட்கார்ந்திருக்கும். இல்ல யாராவது பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. போலி பண்றவனுக்கு இதுதான் புரியவே புரியாது. அவன்கிட்ட மாதிரிக்கு ஒரு பெட்டியைக் கொடுத்து இதே மாதிரி வேணும்னு கேட்டா, மனுஷன் நல்ல மனசோட இருந்த கோளாறையெல்லாம் சரி பண்ணிக் கொடுத்துருவான்.

உன் பெட்டியில அது ஏழாவது குழி. இந்தப் பறவை. கீழ கிளிப்பு வச்சது, திரைச்சீலையில மாட்டுறதுக்கு. வாலைப் பாரு. இந்தப் பறவைக்கு வழக்கமா கண்ணாடி நூல்ல வால் இருக்கும், வெள்ளை வெளேர்னு, விசிறி மாதிரி. இதுக்கு என்ன இருக்கு? தொட்டுப் பாரு. பரவால்ல, வாலைத் தொடலாம். முடி. மொரமொரன்னு ஏதோ மிருகத்து முடி. அடியில கறுப்பு, நுனியில வெளுப்பு.

தெரியல? உனக்கு எப்படித் தெரியும். உனக்கு அப்ப மூணு வயசுகூட நெறையல.

பண்டிகைக்கு மொத நாளு. பெட்டியைக் கட்டில்ல தொறந்து வச்சிட்டு அம்மா அடுப்பைப் பாக்கப் போனா. நீ ஓடி வந்து தொப்புன்னு உட்கார்ந்த. உருண்டை எல்லாம் தப்பிச்சுது, பறவைக்கு மட்டும் வால் போச்சு. கண்ணாடி நூலெல்லாம் உன் கால்சட்டையில ஒட்டிக்கிச்சு, ஊன்னு கத்துற. நான் உன்னைக் குப்புறப் போட்டு ஒவ்வொண்ணாப் பிடுங்கினேன். சிரிக்காத. சரி, சிரிக்கலையா, எனக்கு அப்படித் தெரிஞ்சுது.

அப்பா கை எப்படின்னு உனக்குத் தெரியும். அந்தப் பெட்டி அவரோட அம்மா வீட்டுச் சாமான், அதுல கீறல் விழுந்தாலே வீடு ரெண்டாகிடும். அம்மா என்ன பண்ணா, குளியலறைக்குப் போயி அப்பாவோட ஷேவிங் பிரஷ்ல இருந்து ஒரு கொத்து முடியைக் கத்தரிச்சா. நூலைச் சுத்தி, பசை போட்டு, பறவையோட முதுகுல சொருகிட்டா. ராத்திரி அப்பா வந்து பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, அவரு என்னைக்கு அதையெல்லாம் உத்துப் பாத்தாரு. காலையிலதான் கத்தல். என் பிரஷ்ஷை எலி தின்னுடுச்சுன்னு. அம்மா அடுப்புக்கிட்ட நின்னு முந்தானையை வாய்ல வச்சு அடைச்சிக்கிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்தது அந்த ஒரு தரம்தான். சின்னவன்கிட்ட எப்பவும் சொல்லாதடின்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. நீ பயந்துக்குவியாம்.

அதுலேருந்து வருஷா வருஷம் அந்தப் பறவையை வேற யாரையும் தொட விடமாட்டா. அவளே எடுத்து, அந்த வாலைக் கட்டைவிரலால எதிர்ப்பக்கமா ஒரு தடவு தடவிட்டுத்தான் மாட்டுவா.

வீட்டை விட்டுப் போனவளுக்கு இத்தனை வருஷத்துல பெட்டி மறந்திருக்கும்னுதானே துணிஞ்சு கொண்டுவந்த? இப்ப சொல்லு. சந்தையில கெழவன்கிட்டயா வாங்கின?

எழுந்திரிக்காத. உட்காருடா. நான் கத்தப் போறதில்ல, பக்கத்துக் கடையில ஆளுங்க இருக்காங்க. என்னோட பெட்டியில இருக்கிற பறவையையும் பாத்துட்டுப் போ. இந்தா. வாலைப் பாரு எவ்வளவு ஜோரு, புத்தம்புதுக் கண்ணாடி நூலு. நீ கொடுத்த மாதிரியில பிரஷ் முடி இருந்திருக்கு, ஐயோ பாவம் யாரோ ஒட்டுப் போட்டு வச்சிருக்காங்கன்னு அந்தப் போலி பண்ணவன் திருத்திக் கொடுத்துட்டான். நீயும் வாங்கிட்டு வந்து அம்மா அலமாரியில வச்சிட்ட. அதுல ஒரு வித்தியாசம் இருக்கிறதே உன் கண்ணுக்குத் தட்டுப்படல.

இது எப்படி என்கிட்ட வந்துச்சுன்னு யோசிக்கிறியா? உன் பொண்டாட்டிதான் கொடுத்தனுப்பினா. அம்மாவை ஹோம்ல விட்டதும் இதைக் குப்பையில போடச் சொன்னியாமே. அவளுக்கு மனசு வரல. அண்ணி, அத்தை ஞாபகமா நீங்களாவது வச்சுக்கோங்கன்னு ஒரு சீட்டு எழுதி அனுப்பினா. அவளைத் திட்டாத, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அத்தைக்கு நெசமாவே புத்தி பிசகிடுச்சுன்னுதான் அவ நம்பிக்கிட்டு இருக்கா.

பெட்டியைத் தொறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எல்லாம் போலின்னு. நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? பாவம், அம்மா ஏதோ கஷ்டகாலத்துல யாருக்கும் தெரியாம நல்லதை வித்துட்டு, வீட்டுல கேக்கக் கூடாதேன்னு இதை வாங்கி வச்சிருக்கான்னு. அவ மானம் போயிடக் கூடாதுன்னு வாயே தொறக்கல. ரெண்டு வருஷம். மாசாமாசம் ஹோமுக்குப் போயி அவ பக்கத்துல உட்கார்ந்துட்டு வரேன், ஒரு வார்த்தை அந்தப் பெட்டியைப் பத்திக் கேக்கல. அவளும் சொல்லல. எப்படிச் சொல்லுவா.

நீ எனக்கு அன்னைக்குப் போன்ல என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா? அக்கா, அம்மாவுக்கு வீட்டுச் சாமானே அடையாளம் தெரியலன்ன. சொந்தப் பொருளைக் கையில வச்சுக்கிட்டு இது என்னுது இல்ல, யாரோ மாத்திட்டாங்கன்னு அழறான்ன. டாக்டர்கிட்டயும் அதையேதான் சொல்லியிருக்க. எந்தப் பொருளுன்னு மட்டும் சொல்லவே இல்ல. போன வாரம் உன் பெட்டியில இந்த வாலைப் பாத்துட்டு ஹோமுக்கு ஓடினேன். அங்க இருக்கிற நர்ஸைக் கேட்டேன். சேத்த புதுசுல ஏதோ பறவை, வாலு, பிரஷ்ஷுன்னே பொலம்பிக்கிட்டு இருந்தாங்கம்மா, மாத்திரையைக் கூட்டினதும் அடங்கிட்டாங்கன்னா. நல்லா ஆயிட்டாங்கன்னு வேற சிரிச்சுக்கிட்டே சொன்னா.

ஆமாடா, எனக்கு லென்ஸ் வேணும், நீல லைட்டு வேணும், இவ்வளவு வருஷப் பழக்கம் வேணும். கண்ணுல சதை வளர்ந்த பொம்பளை, வெறும் கட்டைவிரலை வச்சுக் கண்டுபுடிச்சா. அந்த வீட்டுல புத்தி தெளிவா இருந்தது அவ ஒருத்திக்குத்தான். அதுக்குத்தான் அவளைப் பைத்தியம்னு எழுதி வாங்கின.

விக்கணும்னு ஆசைப்பட்டா கேட்டிருக்கலாமேடா. சின்னவன் கேட்டா அவ எதை இல்லன்னு சொல்லியிருக்கா? பெட்டியை மாத்தினதுக்குக்கூட என் வயிறு எரியல. அவ கண்டுபுடிச்ச அன்னைக்காவது, ஆமாம்மா நான்தான்னு சொல்லியிருந்தா, ரெண்டு நாள் அழுதுட்டு மூணாவது நாள் உனக்கே சோறு போட்டிருப்பா. நீ என்ன பண்ண? பொண்டாட்டி முன்னாடி, டாக்டர் முன்னாடி, அவ பக்கத்துலயே உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்து, இது உன்னோடதுதாம்மா, உனக்குத்தான் மறந்துபோச்சுன்னு சொன்ன.

சரி. டீ ஆறிப்போச்சு.

கவரை இப்ப எடுத்துக்கோ. பிரிச்சுப் படி. ஒரிஜினல்னு எழுதியிருக்கேன், கையெழுத்தும் போட்டிருக்கேன். இந்த மேஜையில உட்கார்ந்து நான் பொய் எழுதினதில்ல. யாரோட பொருளுங்கிற எடத்துல அம்மா பேரை எழுதியிருக்கேன். அதுவும் பொய் இல்லையே. நாலு மணிக்கு அவரு வரட்டும், நானே வாய்விட்டுப் படிச்சுக் காட்டுறேன். வாலுக்கு முடி எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாரு, அதையும் சொல்லுவேன். இல்ல, அவரு வர வேண்டாம்னா இன்னொரு பேப்பர் இருக்கு. இது ஹோம்ல கொடுத்தது. சேத்துவிட்டவன் கையெழுத்து இல்லாம வெளிய அனுப்ப மாட்டாங்களாம், மக வந்து நின்னாலும் செல்லாதாம். பேனா அங்கயே இருக்கு. கீழ, ரெண்டு எடத்துல.

போன வாரம் நான் அவகிட்ட சும்மா போகல. ரெண்டு பறவையையும் பஞ்சுல சுத்தி எடுத்துட்டுப் போனேன். மொதல்ல போலியைக் கையில வச்சேன். உன்னோடதாம்மான்னு கேட்டேன். ஆமா, என்னுதுதான்னா. வெடுக்குன்னு, பள்ளிக்கூடத்துப் புள்ள ஒப்பிக்கிற மாதிரி. எனக்கு உசுரே போயிடுச்சு. சரி, நெசமாவே போயிட்டா போல இருக்குன்னு நெனைச்சேன். அப்புறம் நல்லதை வச்சேன். அதுக்கும் அதே வேகத்துல, ஆமா, என்னுதுதான். ஆனா வாய்தான் அதைச் சொல்லுது, கட்டைவிரல் அது பாட்டுக்கு அந்த வாலை எதிர்ப்பக்கமாத் தடவுது. தடவிக்கிட்டே இருந்தா. நர்ஸு அந்தப் பக்கம் போற வரைக்கும் ஒண்ணும் பேசல. போனதும் என் தலையைக் கிட்ட இழுத்து, காதுல சொன்னா. சின்னவனைப் பாத்தாச் சொல்லுடி, இப்பல்லாம் எதைக் கொடுத்தாலும் நான் என்னுதுன்னுதான் சொல்றேன்னு, இனிமே ஒரு நாளும் மாத்திச் சொல்ல மாட்டேன்னு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுடின்னா.

அவ்வளவுதான். சொல்லச் சொன்னா, சொல்லிட்டேன்.

பேனாவைப் புடி. டேய், பறவை மேல குனியாத. ஒரிஜினல்டா அது, தண்ணி பட்டா சாயம் போயிடும். தள்ளி உட்கார்ந்து அழு.